ஏழாவது வாரத்தில் 842: கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ஏறிய ட்ரைகிளிசரைடு – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண் தனி ஒருவர் அல்ல. கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பிறகு, பேறுகாலக் கவனிப்புக்கு வருகிற இதே மாதிரியான பெண்களிடம் பார்ப்பவற்றைப் பாடத்துக்காக ஒரு நிகழ்வாகக் கோத்திருக்கிறேன். எண்களும் அப்படித்தான்: இப்படிப்பட்ட நிலையில் எதிர்பார்க்கக்கூடிய அளவில் வைத்தவை. மருத்துவ விளக்கங்களில் மாற்றம் எதுவும் இல்லை.

வயது 33. திருமணமாகி எட்டு ஆண்டு. நீர்க்கட்டிப் பிரச்சினையால் மாதவிடாய் ஒழுங்காக வராது. இரண்டு முறை மாத்திரை, ஊசி என்று முயன்று பார்த்துவிட்டு, உறைய வைத்த கருவைக் கருப்பையில் வைக்கும் சிகிச்சைக்குப் போனார். முதல் முயற்சியிலேயே கரு தங்கியது. ஏழாவது வாரம் ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்தது. அதற்கு மறுநாள் நம்மிடம் பதிவு செய்ய வந்தார். உடல் நிறைக் குறியீடு 28.4, ரத்த அழுத்தம் 118/76. காலையில் குமட்டல் இருந்தது, வாந்தி அதிகம் இல்லை. வேறு புகார் எதுவும் இல்லை.

எடுத்தது வழக்கமான முதல் ரத்தப் பரிசோதனைகள்தான்: ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, தைராய்டு, தொற்றுகளுக்கான சோதனைகள். கொழுப்புப் பரிசோதனை எழுதவில்லை. கர்ப்பிணிகளுக்கான வழக்கமான பட்டியலில் அது கிடையாது. பிற்பகலில் லேப் டெக்னீஷியன் போன் செய்தார்: “மேடம், சீரம் பால் கலந்த மாதிரி கலங்கி வருது. ஹீமோகுளோபின் ரீடிங்கும் நம்பற மாதிரி இல்ல. லிப்பிட் போட்டுப் பாக்கலாமா?”

இந்த நிகழ்வு தப்பாமல் பிடிபட்டது அந்தப் போனால்தான். சீரம், அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீர், கலங்கியிருந்தால் ஒளியை வைத்து அளக்கும் கருவிகள் தடுமாறும். ஹீமோகுளோபின் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டலாம், சோடியம் குறைவாகக் காட்டலாம், கணைய வீக்கத்துக்குப் பார்க்கும் அமிலேஸ் அளவு இயல்பானது போல வரலாம். பல இடங்களில் ‘லிப்பீமிக் சாம்பிள்’ (கொழுப்பால் கலங்கிய மாதிரி) என்று ஓரத்தில் சின்னதாக எழுதி அனுப்பிவிடுவார்கள், யாரும் அதைப் படிப்பதில்லை. அந்தக் குறிப்பே ஒரு ரிசல்ட் என்று டெக்னீஷியன்களுக்கும் டாக்டர்களுக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே மாதிரியில் கொழுப்பு பார்த்தோம். ரத்தத்தில் ஓடும் கொழுப்பின் ஒரு முக்கிய வகையான ட்ரைகிளிசரைடு 842 (எல்லா அளவுகளும் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம்), மொத்தக் கொலஸ்ட்ரால் 274, நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். 33. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த ரத்தம் என்பதால், இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை எடுத்தோம். 12 மணி நேரம் பட்டினி வேண்டாம் என்று சொன்னோம். குமட்டல் இருக்கிற ஏழாவது வாரத்தில் அவ்வளவு நேரம் வயிற்றைக் காயப்போட்டால் கீட்டோன் ஏறும், வாந்தி கூடும். இரவு ஒன்பதரைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் காலை ஆறரைக்கு வரச் சொன்னோம். ட்ரைகிளிசரைடு 796. ஆக, இது மதியம் சாப்பிட்ட சாப்பாட்டின் வேலை அல்ல. அந்தக் குழாயை நிமிர்த்தி ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க வைத்துப் பார்த்தார் டெக்னீஷியன். மேலே மெல்லிய ஆடை, கீழே கலங்கல். மேலே மிதந்தது குடலிலிருந்து வரும் கைலோமைக்ரான், கீழே கலங்கி நின்றது கல்லீரலிலிருந்து வரும் வி.எல்.டி.எல். ட்ரைகிளிசரைடைச் சுமந்து செல்லும் இந்தத் துகள்கள் இரண்டுமே தேங்கியிருந்தன.

எந்த எண்ணைப் பார்ப்பது

கணவரும் அவருடைய அம்மாவும் கேட்ட முதல் கேள்வி கொலஸ்ட்ராலைப் பற்றித்தான். 200க்கு மேலே போனால் மாரடைப்பு என்று எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. தெரிந்த ஒரு டாக்டர், உடனே கொலஸ்ட்ரால் மாத்திரை போடச் சொல்லியிருந்தார்.

இங்கே நிதானம் தேவை. கர்ப்பத்தின் முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் கொழுப்பு அளவுகள் லேசாக இறங்கும். அதற்கப்புறம் ஏற ஆரம்பித்து, கடைசி மூன்று மாதத்தில் உச்சிக்குப் போகும். மொத்தக் கொலஸ்ட்ரால் கால் பங்கிலிருந்து பாதி வரை கூடும், ட்ரைகிளிசரைடு இரண்டு மடங்கிலிருந்து நான்கு மடங்கு வரை போகும். முதல் மூன்று மாதத்தில் ட்ரைகிளிசரைடு சுமார் 40 முதல் 159 வரையும், கடைசி மூன்று மாதத்தில் 131 முதல் 453 வரையும் இயல்பு என்று 2009இல் வெளியான அட்டவணை ஒன்றை மகப்பேறு மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அதே அட்டவணையில் கடைசி மூன்று மாதத்துக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 219 முதல் 349 வரை. லேப் ரிப்போர்ட்டில் அச்சாவதோ கர்ப்பமில்லாதவர்களுக்கான வரம்பு. அதை வைத்துப் பார்த்தால் எட்டு மாதக் கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்குச் சிவப்புக் குறி விழும்.

இந்த ஏற்றம் கோளாறு அல்ல, கர்ப்பத்தின் ஏற்பாடே அதுதான். முதல் பாதியில் தாயின் உடல் கொழுப்பைச் சேமிக்கிறது. அப்போது இன்சுலின் நன்றாக வேலை செய்யும், கொழுப்புத் திசுவுக்குள் ட்ரைகிளிசரைடை இழுக்கும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதியும் சுறுசுறுப்பாக இருக்கும். பிற்பாதியில் நிலைமை தலைகீழ். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும், சேமித்த கொழுப்பு உருகி வெளியே வரும், ஈஸ்ட்ரோஜன் கல்லீரலை உசுப்பி வி.எல்.டி.எல். உற்பத்தியைக் கூட்டும், லைப்பேஸ் நொதி மந்தமாகும். தாய் கொழுப்பை எரித்துக்கொண்டு குளுக்கோஸைக் குழந்தைக்கு விட்டுக்கொடுக்கிறாள். கொலஸ்ட்ராலுக்கும் வேலை இருக்கிறது. கர்ப்பத்தைத் தாங்கும் ப்ரொஜெஸ்ட்ரோன் ஹார்மோனை நஞ்சுக்கொடி செய்வதே தாயின் எல்.டி.எல். கொலஸ்ட்ராலிலிருந்துதான்.

எனவே இந்தப் பெண்ணின் 274 கொலஸ்ட்ராலில் நாம் நேரம் செலவழிக்கவில்லை. அதில் கணிசமான பங்கு, தேங்கிய வி.எல்.டி.எல். சுமந்து நிற்கிற கொலஸ்ட்ரால்தான். எல்.டி.எல். காலியாக விடப்பட்டதற்கும் காரணம் இதுவே. பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை, 1972இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரத்தால் கணக்கிடுகிறார்கள்: மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்.லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு நிற்காது. இரண்டாவது மாதிரியில் மொத்தம் 268, ஹெச்.டி.எல். 34. சூத்திரத்தில் போட்டால் எல்.டி.எல். 75 வரும். நேரடியாக அளந்தபோது 112 இருந்தது.

அந்த டாக்டர் சொன்ன கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டாட்டினைக் கொடுக்கவில்லை. 2021இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., கர்ப்பிணிகளுக்கு ஸ்டாட்டின் அறவே கூடாது என்ற பழைய எச்சரிக்கையைத் தளர்த்தியது உண்மை. ஆனாலும் பெரும்பாலான பெண்கள் கர்ப்பம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்றே அதுவும் சொல்கிறது. பரம்பரையாக எல்.டி.எல். மிக அதிகமாக உள்ளவர்கள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் போன்ற சிலருக்காகத்தான் அந்தத் தளர்வு. எப்படியும் ஸ்டாட்டின் முதன்மையாக எல்.டி.எல்.லைக் குறைக்கும் மருந்து. இங்கே ஆபத்து எல்.டி.எல். அல்ல.

ஆபத்து கணையம். ட்ரைகிளிசரைடு சுமார் 500ஐத் தாண்டும்போது லைப்பேஸ் நொதியால் வேலையைச் சமாளிக்க முடியாமல் கைலோமைக்ரான் தேங்கத் தொடங்கும். 1000ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் வாய்ப்பு நிஜமாகிறது. கணையத்தின் நுண்குழாய்களில் கொழுப்பு உடைந்து, தனிக் கொழுப்பு அமிலங்கள் அந்தத் திசுவையே அரிக்கும். கர்ப்பத்தில் அது தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து. ஏழாவது வாரம் என்பது இயல்பாக அளவுகள் தாழ்ந்திருக்கிற நேரம். அங்கேயே 842 என்றால், மூன்று மடங்கு ஏற்றத்துக்குப் பிறகு எங்கே போய் நிற்கும்? இப்போது அழற்சி இல்லை, வலி இல்லை, எல்லாம் சரி என்று அனுப்பிவிட முடியாதது அதனால்தான்.

காரணம் தேடியது

முதலில் பழைய காகிதங்களைக் கேட்டோம். 14 மாதத்துக்கு முன்னால் வேலை பார்க்கும் இடத்தில் செய்த உடல் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு 296, கொலஸ்ட்ரால் 214, ஹெச்.டி.எல். 36. ட்ரைகிளிசரைடு அதிகம், நல்ல கொழுப்பு குறைவு: நம் ஊர் ஆட்களிடம் மிகவும் சாதாரணமாகக் காணும் கலவை. ஆனால் 296 எப்படி 842 ஆனது?

தைராய்டு சரியாக இருந்தது. சிறுநீரில் புரதம் இல்லை, சிறுநீரகம் இயல்பு. மதுப் பழக்கம் இல்லை. ஸ்டீராய்டு எடுக்கவில்லை. சர்க்கரையில் கொஞ்சம் சிக்கல் இருந்தது: மூன்று மாத சராசரி 5.9 சதவீதம், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 151. இந்தியாவில் நாம் பின்பற்றும் முறையில் 140 தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. இது ட்ரைகிளிசரைடைக் கூட்டும், ஆனால் இவ்வளவு கூட்டாது.

பிறகு மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொன்னோம். ஃபோலிக் அமிலம், பிறப்புறுப்பில் வைக்கும் ப்ரொஜெஸ்ட்ரோன், எஸ்ட்ரடயால் வேலரேட் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 2 மில்லிகிராம் தினம் மூன்று வேளை.

காரணம் கடைசி மாத்திரையில் இருந்தது. உறைந்த கருவை வைப்பதற்கு முன் கருப்பையின் உட்சுவரை வளர்க்க ஈஸ்ட்ரோஜன் கொடுப்பார்கள். இந்த வகைச் சிகிச்சையில் அந்த மாதம் கருமுட்டை வெளியேறுவதில்லை. அதனால் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன்களைச் சுரக்கிற கார்ப்பஸ் லூட்டியம் சினைப்பையில் உருவாவதில்லை. நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்வரை ஈஸ்ட்ரோஜனும் ப்ரொஜெஸ்ட்ரோனும் வெளியிலிருந்து வர வேண்டும். வாயால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குத்தான் முதலில் போகிறது, அங்கே வி.எல்.டி.எல். உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. ஏற்கெனவே 296இல் இருந்தவருக்கு இது போதும்.

வாய் வழி ஈஸ்ட்ரோஜன் ட்ரைகிளிசரைடை ஏற்றும் என்பது மருத்துவப் படிப்பில் எல்லோரும் படிப்பதுதான். அது நினைவில் கருத்தடை மாத்திரையோடும் மாதவிடாய் நின்றவர்களுக்கான ஹார்மோனோடும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. கருத்தரிப்புச் சிகிச்சைக்கு முன்னால் தைராய்டு, ப்ரோலாக்டின், ஏ.எம்.ஹெச். என்று ஹார்மோன்களை எல்லாம் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும்விட மலிவான ட்ரைகிளிசரைடு விட்டுப்போகிறது. நீர்க்கட்டி, பருமன், சர்க்கரை இருக்கிற பெண்களுக்காவது ஈஸ்ட்ரோஜன் ஆரம்பிக்கும் முன் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செய்தது

ஈஸ்ட்ரோஜனைச் சட்டென்று நிறுத்த முடியாது. ஏழாவது வாரத்தில் நிறுத்தினால் கர்ப்பமே ஆட்டம் காணலாம். கருத்தரிப்பு மருத்துவரை அன்றே தொடர்புகொண்டு பேசினோம். மாத்திரைக்குப் பதில் தோலில் தடவும் எஸ்ட்ரடயால் ஜெல்லுக்கு மாற்ற அவர் ஒப்புக்கொண்டார். தோல் வழியாகப் போனால் முதலில் கல்லீரலைத் தொடுவதில்லை, ட்ரைகிளிசரைடு அவ்வளவாக ஏறாது. பத்தாவது வாரம் முடிந்ததும் அதையும் நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு. ப்ரொஜெஸ்ட்ரோன் அப்படியே தொடர்ந்தது.

உணவுதான் பெரிய வேலை. வீட்டில் எட்டு ஆண்டு காத்திருந்து வந்த பிள்ளை. மாமியார் காலையில் நெய் விட்ட பொங்கல், பதினோரு மணிக்குப் பாதாம் போட்ட குங்குமப்பூப் பால், சாயங்காலம் பேரீச்சம்பழமும் மாதுளை ஜூஸும் என்று அன்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைக் குற்றமாகப் பேசினால் காரியம் கெடும். அவரையே உட்கார வைத்துப் பேசினோம். “அம்மா, உங்க மருமகளுக்கு ரத்தத்துல கொழுப்பு தேங்குது. நீங்க சமைக்கிற சமையல்தான் இப்ப அவங்களுக்கு மருந்து. எண்ணெய்யை மட்டும் எங்க கணக்குல ஊத்துங்க,” என்றதும், “எவ்ளோன்னு சொல்லுங்க டாக்டரம்மா, அளந்தே ஊத்துறேன்,” என்றார்.

ஒரு நாளைக்கு மொத்தக் கொழுப்பு சுமார் 40 கிராம், அதாவது 1900 கலோரியில் ஐந்தில் ஒரு பங்கு. பால், மீன், பருப்பில் மறைந்திருப்பதைக் கழித்தால் தாளிக்கவும் வதக்கவும் மூன்று தேக்கரண்டி எண்ணெய்தான் மிஞ்சும். பால் ஆடை நீக்கியது. தேங்காய்ச் சட்னிக்குப் பதில் தக்காளி, புதினா. ஜூஸ், தேன், வெல்லம், மாவு கரைத்த இனிப்புப் பானங்கள் நிறுத்தம், ஏனென்றால் கல்லீரல் சர்க்கரையையும் ட்ரைகிளிசரைடாக மாற்றிவிடும். சோறு ஒரு கப்புக்குள், கூடவே சுண்டல், காய், முட்டை வெள்ளைக்கரு. மத்தி மீனைக் குழம்பாக வாரம் இரண்டு முறை, பொரிக்காமல். கொழுப்பைப் பூஜ்யமாக்கவும் கூடாது: குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்கள் வேண்டும், ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேரவும் கொழுப்பு வேண்டும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். கைலோமைக்ரானாக மாறாமல் நேராகக் கல்லீரலுக்குப் போகும் எம்.சி.டி. எண்ணெய் இப்படிப்பட்டவர்களுக்கு உதவும். அதையும் தேங்காய் எண்ணெயையும் ஒன்றாகப் பேசுவது பரவியிருக்கிறது. தேங்காய் எண்ணெயில் பாதி இருப்பது லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி கைலோமைக்ரான் வழியாகத்தான் போகிறது. தேங்காய் எண்ணெய் இதற்கு மாற்று ஆகாது.

ஒமேகா 3 ஆரம்பித்தோம். கடையில் கிடைக்கும் சாதாரண ஒரு கிராம் மீன் எண்ணெய் மாத்திரையில் ஒமேகா 3 வகைகளான ஈ.பி.ஏ.வும் டி.ஹெச்.ஏ.வும் சேர்ந்து 300 மில்லிகிராம் அளவுதான் இருக்கும். ட்ரைகிளிசரைடு குறைய தினம் 2 முதல் 4 கிராம் வேண்டும். அதனால் செறிவு கூடிய வகையை எழுதிக் கொடுத்தோம். 12ஆவது வாரத்திலிருந்து இரவில் ஆஸ்பிரின் 150 மில்லிகிராம். முதல் கர்ப்பம், கருத்தரிப்புச் சிகிச்சை, சர்க்கரை எல்லாம் ரத்த அழுத்தச் சிக்கலுக்கான வாய்ப்பைக் கூட்டும். ஆம்ஸ்டர்டாமில் சுமார் 4000 கர்ப்பிணிகளிடம் சராசரியாக 13ஆவது வாரத்தில் ரத்தம் எடுத்துச் செய்த ஏ.பி.சி.டி. ஆய்வு 2012இல் வெளியானது. ட்ரைகிளிசரைடு கூடக் கூட கர்ப்பகால ரத்த அழுத்தம், ப்ரீஎக்லாம்ப்சியா (ரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளையும் பாதிக்கும் கர்ப்பகாலக் கோளாறு), எடை கூடிய குழந்தை ஆகியவற்றின் வாய்ப்பும் கூடியது. மொத்தக் கொலஸ்ட்ராலுக்கு அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை.

வலி வந்தால் என்ன செய்வது என்று ஒரு அட்டையில் தமிழில் எழுதிக் கொடுத்தோம். மேல்வயிற்றில் வலி எடுத்து முதுகுக்குப் பாய்ந்தால், கூடவே வாந்தி இருந்தால், ‘கேஸ்’ என்று ஜெலுசில் குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் “எனக்கு ட்ரைகிளிசரைடு அதிகம், கணைய லைப்பேஸ் பாருங்கள்” என்று சொல்ல வேண்டும். கலங்கிய சீரத்தில் அமிலேஸ் ஏமாற்றும் என்பதையும் டாக்டருக்கான வரியாக அதிலேயே சேர்த்தோம்.

அதன் பிறகு

ஒன்பதாவது வாரம் 520. பன்னிரண்டாவது வாரம் 388. ஈஸ்ட்ரோஜன் நின்று, சமையலும் மாறிய பலன் இது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இனி பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தவர்களிடம், மாதம் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினோம்.

எதிர்பார்த்தபடியே ஏறியது. 20ஆவது வாரம் 470. 26ஆவது வாரம் 640, அப்போது உணவுக்குப் பிந்தைய சர்க்கரையும் 120ஐத் தாண்டியதால் இன்சுலின் தொடங்கினோம். இன்சுலின் சர்க்கரைக்கு மட்டுமல்ல, லைப்போபுரோட்டீன் லைப்பேஸையும் தூண்டிவிடும். 30ஆவது வாரம் 905. ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபீனோஃபைப்ரேட் மாத்திரையைப் பற்றி அப்போது பேசினோம். கர்ப்பத்தில் அதன் அனுபவம் குறைவு. குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதத்தில் தவிர்ப்பதே முறை. 1000ஐ நெருங்கும் கடைசிக் கட்டத்தில், கணைய அழற்சியின் ஆபத்தோடு ஒப்பிட்டு எடுக்க வேண்டிய முடிவு அது. கணவன் மனைவி இருவரும் கேள்விகள் கேட்டு, ஒரு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்கள். 33ஆவது வாரம் 720. அதற்கு மேலும் ஏறியிருந்தால் ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் வசதி உள்ள மருத்துவமனைக்கு மாற்றுவதற்கு ஏற்பாடு தயாராக இருந்தது, தேவைப்படவில்லை.

37 வாரம் முடிந்த பிறகு பிரசவம். பெண் குழந்தை, 2.9 கிலோ. ரத்த அழுத்தம் கடைசிவரை ஏறவில்லை. நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன் விழும், ட்ரைகிளிசரைடும் வேகமாக இறங்கும். தாய்ப்பால் சுரக்கத் தொடங்கியதும் லைப்பேஸ் நொதி மார்பகத்தில் கூடி, ரத்தக் கொழுப்பைப் பாலுக்குத் திருப்பிவிடும். அதுவும் துணை செய்தது. ஃபீனோஃபைப்ரேட்டைப் பிரசவத்தோடு நிறுத்தினோம், தாய்ப்பால் கொடுப்பவருக்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறாவது வாரம் ட்ரைகிளிசரைடு 274.

டிஸ்சார்ஜ் குறிப்பில் இரண்டு வரிகளைத் தடித்த எழுத்தில் போட்டோம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது, காப்பர் டி போதும். மீதமிருக்கும் உறைந்த கருக்களைப் பிற்பாடு வைப்பதானால், முடிந்தவரை இயற்கைச் சுழற்சியில் அல்லது முட்டை வெளியேறத் தூண்டிய சுழற்சியில் வைக்க வேண்டும். அப்போது கார்ப்பஸ் லூட்டியம் உருவாகும், வெளி ஈஸ்ட்ரோஜன் தேவைப்படாது. கார்ப்பஸ் லூட்டியம் இல்லாத சுழற்சிகளில் ப்ரீஎக்லாம்ப்சியா அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுவதால், இவருக்கு அது இரட்டை லாபம். வெளி ஈஸ்ட்ரோஜன் தவிர்க்க முடியாதென்றால் முதல் நாளிலிருந்தே தோல் வழி.

குடும்ப வரலாற்றை மறுபடி கேட்டபோதுதான், இவருடைய அப்பா 44 வயதில் கணையம் வீங்கி ஐ.சி.யூ.வில் இருந்தது தெரியவந்தது. குடியால் வந்தது என்று சொல்லிவிட்டார்களாம். அவர் எப்போதாவதுதான் குடிப்பார் என்று அம்மா சொன்னார். மரபணுச் சோதனை செய்யவில்லை, செய்திருந்தாலும் சிகிச்சை மாறியிருக்காது. 29 வயதுத் தம்பியை வரவழைத்துப் பார்த்தோம். ட்ரைகிளிசரைடு 530. பொது மருத்துவரிடம் அனுப்பி, அப்பாவின் பழைய ஐ.சி.யூ. காகிதங்களையும் தேடி எடுத்துப் போகச் சொன்னோம்.